கே-25 பக்கத்துக்கு வந்தவர்கள்

ஏகாம்பரம் ஆங்கில எழுத்தைக் கற்றுக்கொண்டது நாற்பத்திரண்டாவது வயதில். அதுவும் கண்ணாடிக்குள் தெரிவதுபோல இடவலம் மாறிய எழுத்தாக. திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கங்காதரன் முதலாளியின் பம்ப் கம்பெனியில் அவருக்குத் தகடு அடிக்கிற வேலை. விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் குச்சி, அதன் முனையில் ஒரு எழுத்து, மண்டையில் ஒரு சுத்தியல் அடி. தகட்டில் நேராக விழவேண்டும் என்பதால் குச்சியில் எழுத்து திரும்பித்தான் இருக்கும். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத மனிதருக்கு அது எப்படித் தெரியும்? ஆவடி பஸ் ஸ்டாண்டில் இருக்கிற பலகைகளையெல்லாம் ஏன் இப்படித் தப்பாக எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்று ஒரு மாதம் மனசுக்குள் திட்டிக்கொண்டே சேக்காட்டு வீட்டுக்கும் திருமழிசைக்கும் போய்வந்தார்.

அதற்கு முன்னால் இருபது வருஷம் அவர் லோடிங்கில் இருந்தார். பம்பின் வார்ப்பிரும்பு உடம்புகளைத் தூக்கித் தூக்கி இடுப்பில் இரண்டு எலும்புக்கு நடுவே இருந்த ஏதோ ஒன்று பிதுங்கிவிட்டது என்று டாக்டர் படம் காட்டினார். முதலாளி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தகடு மேசைக்கு மாற்றினார். ஒரு ஸ்டூல், ஒரு மேசை, தலைக்குமேல் ஒரு ஃபேன். ஏகாம்பரத்தின் சொத்தில் முக்கியமானது அந்த ஸ்டூல்தான்.

கம்பெனி செய்வது அடுக்குமாடி வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் பம்ப். அந்தத் தண்ணீரில் காகித ஸ்டிக்கர் ஒரு வாரம் தாங்காது. அதனால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. பம்பின் நெற்றியில் பித்தளைத் தகடு, தகட்டில் அந்த மாடலுக்கான வெப்சைட் பக்கத்தின் லிங்க். பம்ப் அடைத்துக்கொண்டால் மெக்கானிக் அதைத் தூக்கி, தகட்டைத் துடைத்து, அடித்திருப்பதைப் போனில் போடவேண்டியதுதான். எந்த ஒயர் எங்கே, எந்த போல்ட் முதலில் என்று படத்தோடு வந்துவிடும். நாற்பத்துமூன்று மாடல், நாற்பத்துமூன்று பக்கம். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தனித்தனியாக எழுதி வைத்தது. எழுதி வைத்ததோடு சரி.

போன சித்திரையில் மகள் கலைவாணி புதுப் போன் வாங்கியபோது பழையதை அப்பாவிடம் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்கு ஒரு பழக்கம். ஒரு தகடு அடித்து முடித்ததும் அதில் இருப்பதை ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்துப் போனில் போடுவார். பாதியிலேயே போன் மீதியை நிரப்பிக் கொடுக்க வந்தால் விடமாட்டார், முழுக்கத் தானே போடுவார். பம்பின் படம் வந்தால்தான் தகடு தட்டுக்குப் போகும். தன் எழுத்தின்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. போன்மேல் இருந்தது. ஒரு நாளைக்கு இருபது தகடு, மாசத்துக்கு ஐந்நூறு.

இதெல்லாம் யாருக்கும் தெரியாது. கேட்கவும் ஆள் கிடையாது.

முதலாளியின் மகன் விஷால் நிர்வாகம் படித்துவிட்டு வந்து அலுவலக அறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தவன். அந்தச் சுவரில் அவன் ஒரு கோடு ஒட்டியிருந்தான். வெப்சைட்டுக்கு மாசம் எத்தனை வருகை என்கிற கோடு. சித்திரை வரை தரையோடு படுத்துக்கிடந்தது. சித்திரையில் எழுந்து உட்கார்ந்து, அடுத்த மாசம் நிமிர்ந்தே நின்றுவிட்டது. அதே சித்திரையில்தான் விஷால் முப்பது ஷேர் ஆட்டோக்களின் முதுகில் கம்பெனி விளம்பரம் ஒட்டவைத்திருந்தான். ஐப்பசியில் கோடு கொஞ்சம் பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தது. தீபாவளிக்கு ஜனங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தான். அந்த ஐப்பசியில் ஒன்பது நாள் ஏகாம்பரம் டைபாய்டில் படுத்திருந்தார்.

இவ்வளவு பேர் வரும்போது வெப்சைட் பழசாக இருக்கலாமா? டீ நேரத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து விஷால் சொன்னான். இதுவரை இருந்தது ஸ்டாடிக். எழுதியது எழுதியபடி கிடக்கும். இனிமேல் டைனமிக். பம்ப் விவரமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், யார் எதைக் கேட்கிறார்களோ அதற்கான பக்கம் அந்த நிமிஷத்தில் உருவாகி வரும். லிங்க் எல்லாம் மாறும்.

கடைசி வார்த்தையில் ஏகாம்பரம் டீயைக் கீழே வைத்தார். வெளியே தொட்டிகளுக்குள் கிடக்கிற தகடெல்லாம் என்ன ஆவது என்று கேட்டார்.

தகடே வேண்டாம், வெளிநாட்டு ஸ்டிக்கர் வந்துவிட்டது, எந்தத் தண்ணீரிலும் கரையாது என்றான் விஷால். ஒட்டினால் போச்சு, அடிக்கிற வேலையே இல்லை.

அதுவரை பேசாமல் இருந்த கங்காதரன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"எவனோ ஒருத்தன் நாத்தத்துல எறங்கி, கையால தகட தொடச்சிட்டுப் பாக்கறான். அவன்கிட்ட நம்ப தகடு பொய் சொல்லக்கூடாது. நீ இன்னா வேணா மாத்திக்கோ. எவனாச்சும் போன் பண்ணி, தகட்ல கீறது தொறக்கலன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், அன்னிக்கே தகடு வேலய நிறுத்திட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம். அதுவரைக்கும் தகடுதான்."

"அப்ப ஏகாம்பரம்ணன்?" என்றான் விஷால்.

"லோடிங்ல ஆளு பத்தல."

முதலாளி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். ஏகாம்பரத்தின் இடுப்பு அப்போதே ஒருமுறை சுண்டி இழுத்தது.

*

வெப்சைட்டை மாற்ற வந்தவள் ஸ்வாதி. கோவில்பட்டிப் பெண், அம்பத்தூரில் ஒரு பிளாட்டில் இரண்டு தோழிகளோடு இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். வந்தவுடன் பழைய லிங்க்குகளின் பட்டியலைக் கேட்டாள். அலுவலகத்தில் அப்படி எதுவும் இல்லை. விஷால் தேடுகிற மாதிரி மேசை இழுப்பறைகளைத் திறந்து மூடினான்.

ஏகாம்பரம் போய் ஒரு கம்பி வளையத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். ஒவ்வொரு மாடலுக்கும் முதன்முதலாக அடித்துப் பார்த்த தகடு, நாற்பத்துமூன்றும் அதில் கோத்திருந்தது. சந்தேகம் வந்தால் பார்த்து அடிப்பதற்காக வைத்திருந்தார். இரண்டு கிலோவுக்குக் குறையாது.

ஸ்வாதி அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை கனமான பட்டியலை இதுவரை பார்த்ததில்லை என்றாள்.

பழைய லிங்க் சாகவேண்டியதில்லை என்று அவள் சொன்னதுதான் ஏகாம்பரத்துக்கு வேண்டியிருந்தது. யாராவது பழைய லிங்க்கைப் போட்டால் சர்வர் அவரைப் புது லிங்க்குக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிடும். வந்தவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஏகாம்பரம் வளையத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்க சேக்காட்ல கதவு நம்பர மாத்தனாங்கம்மா. பழைய நம்பர் பதினாலு, புது நம்பர் முப்பத்தொண்ணு. போஸ்ட்மேனாண்ட எத சொன்னாலும் ஊட்டாண்ட வந்து நிப்பாரு. அந்த மாதிரியா?"

"அதேதாண்ணே. சர்வர்தான் போஸ்ட்மேன்."

"அவுரு ரிட்டயர் ஆனா?"

ஸ்வாதி மடிக்கணினிக்குள் குனிந்துகொண்டாள். இந்தத் தொழிலில் யாரும் அதைச் சத்தமாகக் கேட்பதில்லை போலிருக்கிறது.

வில்லங்கம் விஷாலிடமிருந்து வந்தது. நாற்பத்துமூன்றில் ஆறு மாடல்களை இப்போது செய்வதில்லை. கோட்டைப் பிரித்துப் பார்த்தால் அந்த ஆறு பக்கத்துக்கும் வருகை பூஜ்யம். யாரும் பார்க்காத பக்கத்தைச் சுமந்துகொண்டு போவானேன், அடுத்த மாசமும் பூஜ்யமாகவே இருந்தால் ஆறையும் தூக்கிவிடு என்று ஸ்வாதியிடம் சொல்லிவிட்டான்.

ஏகாம்பரம் கண்ணாடி அறைக்குள் போய் நின்றார். செய்வதை நிறுத்தினாலும் செய்தது எல்லாம் தொட்டிக்குள்தான் கிடக்கிறது என்றார். முக்கியமாக கே-25. அதன் மூடி போல்ட்டில் மரை இடது பக்கம் ஓடும். ஊரில் எல்லா போல்ட்டும் எந்தப் பக்கம் கழலுமோ அந்தப் பக்கம் இது இறுகும். வெப்சைட் பக்கத்தைப் பார்க்காமல் திருகினால் போல்ட்டின் கழுத்து முறிந்துவிடும், அப்புறம் அந்த பிளாட்டின் கழிவு முழுக்க மாடிப்படி வழியாக மேலே வந்து விசாரிக்கும். அந்தத் தலைவலிக்காகவே முதலாளி அந்த மாடலை நிறுத்தினார். பம்ப் சும்மா சும்மா கெட்டுப்போவதில்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை கெட்டுப்போகும். அன்றைக்கு மட்டும்தான் பார்ப்பார்கள்.

விஷால் பொறுமையாகக் கேட்டான். பிறகு சுவரைக் காட்டி, "நாம நினைக்கிறது முக்கியம் இல்லண்ணே, இது என்ன சொல்லுதுன்னு பாக்கணும்" என்றான்.

சரி, அது சொல்வதைத்தான் நம்புவான் என்றால் அதையே சொல்லவைப்போம் என்று ஏகாம்பரம் முடிவு செய்தார்.

மறுநாளிலிருந்து ஆவடியில் ஏறினால் பூந்தமல்லி வரை அவர் தலை நிமிரவில்லை. ஆறு பக்கத்தையும் மாற்றி மாற்றித் திறந்தார். கே-25-க்குக் கொஞ்சம் கூடுதலாகவே. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற மோகனும் அதே பஸ்ஸில் வருபவன். மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாம் நாள் தோள்மேல் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமே, பொம்பள படம் பாக்கறியோன்னு நென்ச்சேன். பம்ப பாத்துகினு கீற."

"உன் வேலய பாருடா."

"வேலைக்குப் போயி பம்பு, வேலைக்குப் போற வழில பம்பு. ஊட்ல அக்கா ஒண்ணும் சொல்லாதா?"

விஷயத்தைச் சொன்னதும் மோகன் தன் போனையும் எடுத்தான். ஆனால் இரண்டாவது பக்கத்திலேயே அவனுக்கு வேறு வீடியோ வந்து, அதிலேயே இறங்கிவிட்டான். ஆக அந்தப் போரில் சிப்பாயும் தளபதியும் ஏகாம்பரம்தான்.

*

மூன்று வாரம் கழித்து ஸ்வாதி மறுபடியும் வந்தாள். நேராகக் கண்ணாடி அறைக்குப் போகாமல் தகடு மேசைக்கு வந்து, மடிக்கணினியைத் தகட்டுத் தட்டின்மேல் வைத்தாள். வெப்சைட்டின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன் என்றாள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் இல்லை. ஆயுத பூஜைக்கு ஒருத்தரும் இல்லை. ஐப்பசியில் ஒன்பது நாள் ஒருத்தரும் இல்லை. கொஞ்ச நாளாகக் காலை ஏழரைக்கும் வருகிறார்கள். எல்லாரும் ஒரே மாடல் போன், அதுவும் கடையில் இப்போது கிடைக்காத மாடல்.

ஏகாம்பரம் தன் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணே, அந்த ஐந்நூறு பேரும் நீங்கதான."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொரு தகடும் அடித்ததும் திறந்து பார்ப்பதை, எழுத்தின்மேல் நம்பிக்கை இல்லாததை, பஸ்ஸில் பார்த்ததை. தப்புப் பண்ணிவிட்டேனா என்று கேட்டார்.

"தப்பெல்லாம் இல்லண்ணே. கடைக்கு வர்ற ஒரே ஆளு நீங்க. நீங்களும் கடக்காரர்தான்."

இதை மறைத்து வைக்க முடியாது, விஷாலிடம் சொல்லத்தான் வேண்டும் என்றாள். ஏகாம்பரம் தலையாட்டினார். அவள் கண்ணாடி அறைக்குள் போனாள். வெளியிலிருந்து பார்த்தால் ஊமைப்படம். அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். விஷால் அதைப் பார்க்காமல் சுவரைக் காட்டினான். அவள் விரலை நீட்டி ஒன்று என்றாள்; அவன் இரண்டு கையையும் விரித்துப் பல என்றான்.

வெளியே வந்து ஸ்வாதி சொன்னதன் சுருக்கம் இது. எஸ்டேட்டில் எல்லாரும் ஒரே இன்டர்நெட் லைனில் இருப்பதால் ஒரே ஆள் போலத் தெரியும் என்கிறான். மேலும் அந்தக் கோட்டைப் போன வாரம் அம்பத்தூரில் தொழிலதிபர்கள் கூட்டத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டிக் கைதட்டும் வாங்கிவிட்டான். கைதட்டு வாங்கிய கோட்டில் ஒரே ஆள் இருக்க முடியாது.

"ஆறு பக்கமும் இருக்கட்டும்னு சொல்லிட்டாருண்ணே. வருகை கூடிருச்சாம்."

ஏகாம்பரத்துக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் தள்ளி வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய வெப்சைட் இறங்கிப் புதியது ஏறியது. முதலாளி நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தார். ஸ்வாதி தன் பட்டியலிலிருந்து நாற்பத்துமூன்று பழைய லிங்க்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். எல்லாம் திறந்தன. விஷால் கைதட்டினான்.

"இரு," என்றார் கங்காதரன். "தகட்ட பாத்து யாரு போட்டீங்க?"

ஏகாம்பரம் வளையத்தை எடுத்தார். முதல் தகடு கே-40. வழக்கம்போல எழுத்தெழுத்தாகத் தடவிப் போனில் போட்டார். பம்ப் வரவில்லை. இந்தப் பக்கம் இல்லை என்று வந்தது. அடுத்த தகடு. இல்லை. அதற்கடுத்தது. இல்லை.

லோடிங்கில் ஒரு வார்ப்பைக் கீழே போடும் சத்தம் கேட்டது. ஏகாம்பரத்தின் இடுப்புக்கு அது எத்தனை கிலோ என்று கேட்காமலே தெரிந்தது.

விஷால் ஸ்டிக்கர்காரனுக்குப் போன் போடட்டுமா என்றான். கங்காதரன் அவனைப் பார்த்த பார்வையில் போன் சட்டைப்பைக்குள் போனது.

ஸ்வாதி வளையத்தை வாங்கித் தகட்டையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். எழுத்துக் குச்சிப் பெட்டியில் இருப்பது எல்லாம் பெரிய எழுத்து, கேப்பிடல். சின்ன எழுத்துக்குக் குச்சியே கிடையாது. அதனால் ஒன்பது வருஷமாகத் தகட்டில் விழுந்ததெல்லாம் பெரிய எழுத்து, ஏகாம்பரம் போனில் போடுவதும் பெரிய எழுத்து. வளையத்தைப் பார்த்து அவள் எழுதிக்கொண்ட பட்டியல் மட்டும், வழக்கப்படி, சின்ன எழுத்து. பழைய சர்வருக்கு இரண்டும் ஒன்றுதான். புதுசுக்கு வேறு வேறு.

"பெரிசு, சின்னதுன்னு பாகுபாடு பாக்குதா உன் போஸ்ட்மேன்?" என்றார் ஏகாம்பரம்.

"இனி பாக்க மாட்டாருண்ணே. பத்து நிமிஷம் குடுங்க."

எட்டு நிமிஷத்தில் முடித்தாள். ஏகாம்பரம் மறுபடி கே-40-இல் ஆரம்பித்தார். பம்பின் படம் வந்தது. நாற்பத்துமூன்று தகட்டையும் அவர் ஒவ்வொன்றாகத் தடவிப் போட்டு முடிக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. முதலாளி நாற்காலியைவிட்டு எழவில்லை. கடைசித் தகடு கே-25. இடது மரை போல்ட்டின் படம் வந்ததும் கங்காதரன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"தகடு இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

*

இரண்டு வாரம் நிம்மதியாகப் போயிற்று. அப்புறம் ஒரு திங்கட்கிழமை, பரணில் கிடந்த கே-25 வார்ப்பு அச்சை இரண்டு பேர் இறக்கித் தூசி தட்டுவதை ஏகாம்பரம் பார்த்தார். விசாரித்ததில், பழைய மாடல்களில் கே-25-க்கு ஜனங்களிடம் திடீரென்று ஆர்வம் வந்திருப்பதாகவும், முதல் கட்டமாக ஐம்பது பம்ப் செய்யப்போவதாகவும் மோகன் சொன்னான். சொல்லும்போது அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஜனங்க யாருன்னு சொல்லிடட்டுமா மாமே?"

அதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று ஏகாம்பரம் முதலாளியிடம் போனார். இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் பொய் நின்றதில்லை. இதுவும் நிற்க வேண்டாம் என்று நினைத்தார்.

"மொதலாளி, கே-25 பக்கத்த பாத்தது நான்தான். அத்தினி தபாவும் நான் ஒருத்தன்தான்."

கங்காதரன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உனுக்கு எதுக்கு கே-25? உங்க ஊட்ல தொட்டி கீதா?"

"இல்ல. பக்கத்த தூக்கிடப் போறாங்கன்னு—"

"ஏகாம்பரம், நேரா சொல்லு. அந்தத் தகட்ல மட்டும் இனிமே ரெண்டு வரி, எடது மரைன்னு சேத்து அடிக்கணும். கை வலிக்குதுன்னா சொல்லேன். அதுக்குப் போயி இந்தக் கத எதுக்கு?"

"கத இல்ல மொதலாளி."

"விஷாலு எனக்கு கோட காட்னான். நீ ஒத்த ஆளு அம்மாம் ஒசரம் போவ முடியுமா?"

ஏகாம்பரம் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கே-25 தகடு அடிக்க ஆரம்பித்தார். இரண்டு வரி. பழக்கத்தை விடமுடியவில்லை, ஒவ்வொன்றையும் அடித்ததும் போனில் போட்டுப் பார்த்தார். ஐம்பது பம்பில் ஒன்றுகூட ஷெட்டைவிட்டு நகரவில்லை. ஆனால் கண்ணாடிச் சுவரில் கே-25-இன் கோடு இன்னும் ஒரு சாண் ஏறியது. அடுத்த நூறுக்கு உத்தரவு வந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்வாதி போன் பண்ணினாள். புது வெப்சைட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, வந்தவர்கள் எழுத ஒரு கட்டம் வைத்திருந்தாள். கே-25 பக்கத்தில் முதன்முதலாக யாரோ எழுதியிருக்கிறார்களாம். படித்துக் காட்டினாள். கள்ளிக்குப்பம், பன்னிரண்டு வீட்டு பிளாட், பழைய தகடு. போல்ட்டை உடைக்காமல் கழற்றியாச்சு, நல்லவேளை பார்த்தோம். அவ்வளவுதான். பேர்கூட இல்லை.

"பழைய லிங்க்லதான் வந்தாரா?" என்றார் ஏகாம்பரம்.

"பழைய லிங்க், பெரிய எழுத்து, வேற போன். இது நீங்க இல்லண்ணே."

ஏகாம்பரம் சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்தார். கள்ளிக்குப்பத்துக்கு கே-25 போனது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எழுத்து இன்னும் கைக்கு முழுசாகப் பிடிபடாத நாட்களில். அந்தத் தகட்டில் வரி நேராகக்கூட இருந்திருக்காது. கையைக் கழுவிக்கொண்டு நேராகக் கண்ணாடி அறைக்குப் போய், கட்டத்தில் வந்திருப்பதைத் திறந்து காட்டச் சொன்னார்.

விஷால் படித்தான். சுவரில் ஏறிக்கொண்டிருந்த கோட்டை ஒருமுறை பார்த்தான். பிறகு அன்பாகவே சொன்னான்:

"நல்ல விஷயம்ணே. ஆனா ஒரே ஒரு ஆளை வச்சி எதையும் முடிவு பண்ணக்கூடாது."

"ஆமா தம்பி" என்றார் ஏகாம்பரம்.

திரும்பி வந்து ஸ்டூலை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். நூறில் இன்னும் அறுபத்தொன்று பாக்கி இருந்தது.